மூன்றால் வகுபட்ட இரகசியம்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. தாக்குதல் வரப்போகிறது என்பது சுமார் ஒரு வாரத்துக்கு முன்பே பிரித்தானியக் கடற்படைக்குத் தெரியும். சொன்னவர்கள் ஜப்பானியரேதான். சிங்கப்பூர் விழுமுன் அங்கிருந்து கொழும்புக்கு வந்துவிட்ட ஒரு சிறு குழு, பெம்புரோக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தபடி அவர்களது வானொலித் தந்திகளைப் பிடித்து, புரிந்த மட்டும் படித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தந்திகள் எழுதப்பட்ட சங்கேதத்தின் அமைப்பை 1939இல் முதலில் கண்டுபிடித்தவர் ஜோன் டில்ட்மன். பதின்மூன்று வயதிலேயே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் இடம் தர முன்வந்த பிள்ளை அவர். முதலாம் உலகப் போரில் காயம்பட்டுப் பதக்கம் பெற்றார். 1921 முதல் 1929 வரை அவர் வேலை பார்த்தது கொட்டகலையைப் போலக் குளிரும் மழையுமான ஒரு மலைநகரில், இமயமலைச் சரிவிலுள்ள சிம்லாவில். மொஸ்கோவிலிருந்து காபூலுக்குப் போன ரஷ்யத் தந்திகளை அங்கே உடைத்தார். பிற்காலத்தில் உயரமான மேசை முன் நின்றபடியே வேலை செய்வார். அவரது கருவிகள் கடதாசியும் பென்சிலும்தான்.

ஜப்பானியக் கடற்படை 1939 ஜூனில் கொண்டுவந்த அந்த முறையை நேசநாடுகள் ஜேஎன்-25 என்று அழைத்தன. அதன் உள்ளே போய்ப் பார்ப்போம். ஒரு புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தொடருக்கும் ஓர் ஐந்திலக்க எண் உண்டு. 'கப்பல்' என்பதற்கு 40233 என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே அனுப்பினால் சில நாட்களில் மாட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டாவது புத்தகத்திலிருந்து தாறுமாறான இன்னோர் எண்ணை, உதாரணமாக 71584ஐ, அதனுடன் கூட்டுவார்கள். கையில் ஒன்று எடுத்துச் செல்லக் கூடாது. நான்கும் ஏழும் பதினொன்று என்றால் 1 மட்டும் எழுத வேண்டும். வானில் போவது 11717. பெறுபவர் அதே புத்தகத்தைப் பார்த்து, தேவையான இடத்தில் பத்தைச் சேர்த்துக்கொண்டு, இலக்கம் இலக்கமாக 71584ஐக் கழித்து 40233ஐ மீட்பார்.

இதில் ஒரு நல்லெண்ண விதி இருந்தது. முதற் புத்தகத்தின் எண்கள் எல்லாம் மூன்றால் வகுபடும். 40233இன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 12 வரும். வானொலி இரைச்சலில் ஓர் இலக்கம் பிசகினால் பெறுபவர் கண்டுகொள்வதற்காக வைத்த ஏற்பாடு அது. கூட்டும் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பல செய்திகள் பயன்படுத்தியபோது, உடைப்பவர்கள் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார்கள். ஒரே எண் கூட்டப்பட்ட பத்து எண்கள் ஒரு நிரலில் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஊகித்த எண்ணைக் கழித்ததும் பத்தும் மூன்றால் வகுபட்டால் ஊகம் சரியாக இருக்கலாம். தற்செயலாக அப்படி அமைய ஏறத்தாழ 59,049இல் ஒரு வாய்ப்புத்தான். பிழை பிடிக்க வைத்த விதி, எதிரியின் ஊகத்தையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டது. இதைவிட அழகான கணிதத்தைப் போர்வரலாற்றில் நான் கண்டதில்லை.

ஆனால் செய்தியைப் படித்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்றில்லை. தாக்குதல் ஏப்ரல் 1 அளவில் வரும் என்று கணித்து, பிரித்தானியக் கப்பற்படை இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தது. யாரும் வரவில்லை. எரிபொருள் நிரப்பப் பெரும்பகுதி மாலைதீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பியது. 4ஆம் திகதி கனேடிய விமானி பேர்ச்சலின் கற்றலினா விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு அறிவித்த பிறகு சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் டோர்செற்ஷயர், கோர்ன்வால் என்ற இரு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் போனது.

அதன்பின் உடைப்புக் குழு கென்யாவின் கிலிந்தினிக்கு மாறி, 1943இல் கொழும்புக்கே திரும்பியது. இம்முறை அண்டர்சன் கோல்ப் மைதானத்தில் கொட்டில்கள் எழுந்தன. கடற்படை வழக்கப்படி அந்தத் தரைநிலையத்துக்கும் கப்பலைப் போல 'எச்எம்எஸ் அண்டர்சன்' என்று பெயர். அங்கே உழைத்தவர்களில் கடற்படைப் பெண்கள் பலர். முறை வைத்து இரவும் பகலும் எண்களோடு இருந்த அவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் அதிகம் இல்லை. டில்ட்மனைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட என்னால் முடியாது. திறவுகோலின் வடிவத்தைக் கண்டவர் அவர் என்றால், ஒவ்வொரு எண்ணாகக் கழித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களைப் போன்றவர்கள்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் கணிதம் கற்பிக்கப் பயில்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுபடும் விதியைச் சொல்லித் தரும் நாளில் 11717ஐயும் 71584ஐயும் பலகையில் எழுதி, கடன் வாங்காமல் கழிக்கச் சொல்லுங்கள். ஆண்டு ஐந்துப் பிள்ளைக்கே அந்தக் கணக்கு வரும். பிறகு, இது மூன்றால் வகுபடுமா என்று கேளுங்கள்.