பத்தாயிரத்துக்கு இறங்கலாமா?

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்குவதில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. 2012இல் 20 சதவீதம் என்று தொடங்கிய கொள்முதல் கொள்கை 2015இல் கட்டாயமானது. 2018 திருத்தம் அளவைக் கூட்டியது. உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கிடையாது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போக வேண்டிய சிறு முதலாளிக்குத் தேவைப்படுவது கணக்குப் பயிற்சி. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் பதிவதும் டிஜிட்டல் கையெழுத்து வாங்குவதும் ஒரு நாள் வேலை. அதோடு பயிற்சி முடிந்தால் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

சட்டம் தரும் பெரிய சலுகையையே பாருங்கள். ஓர் இரும்பு அலமாரிக்கு ஒரு பெரிய கம்பெனி 10,000 ரூபாய் போட்டுக் குறைந்த விலைக்காரராக வருகிறது. நீங்கள் போட்டது 11,200. வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 'பத்தாயிரத்துக்குத் தருகிறீர்களா?' என்று உங்களிடம் கேட்பார்கள். சரி என்றால் ஆர்டரில் கால்வாசி உங்களுக்கு. கேட்க இனிக்கிறது. ஆனால் நூறு அலமாரிக்கு விலை போட்டவர் இப்போது செய்யப்போவது இருபத்தைந்து. தகட்டில் கழிவு கூடும், லாரி வாடகை ஒவ்வொன்றின் தலையிலும் கூடுதலாக ஏறும். முன்வைப்புத் தொகைக்குத்தான் விலக்கு. ஆர்டர் கிடைத்த பின் கட்டும் செயல்திறன் பிணைத்தொகைக்கு இல்லை. அந்தப் பணம் உத்தரவாதக் காலம் முடியும்வரை முடங்கிக் கிடக்கும். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடிப்பது பல ஒப்பந்தங்களில் வழக்கம். தன் அடக்கவிலை தெரியாதவருக்கு இந்தச் சலுகையே பொறி.

அடக்கவிலை தெரியாத தொழில்காரர் உண்டா என்று கேட்கலாம். உண்டு. திருச்சியில் உள்ள பொதுத்துறை நிறுவனமான பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) ஆலையை நம்பி வளர்ந்த துவாக்குடிப் பட்டறைகளுக்கு இரும்பும் வரைபடமும் ஆலையே தரும். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வரும். வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் தகடு வாங்கும் விலை, வட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து விலை போடும் பழக்கத்துக்கு அந்த ஏற்பாட்டில் வேலையே இல்லை. பெல்லுக்கு ஆர்டர் வற்றியபோது வேறு வாசல் தேடுவது அவர்களுக்குக் கடினமாயிற்று.

கன்சல்டன்ட் வைத்துக்கொண்டால் போதாதா? தொழில்நுட்ப விவரங்களுக்கான கவரில் தவறிப்போய் விலையைக் காட்டினால் டெண்டரே தள்ளுபடியாகும்; அப்படிப்பட்ட பிழையை அவர் தடுப்பார். ஆனால் உங்கள் கழிவு எத்தனை கிலோ என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வேலையை முடித்தாலும் பணம் வராதே! 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இருந்தும், அடுத்த ஆர்டரும் தரக்கூடியவர் மீதே புகார் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? இதைப் பயிற்சி தீர்க்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் தரும் நிபந்தனையை முதலிலேயே படித்து, மூன்று மாதம் தள்ளிப்போனால் தாங்குமா என்று கணக்குப் போட்டு, தாங்காதென்றால் விலகிக்கொள்ளவும் பயிற்சிதான் சொல்லித்தர வேண்டும்.

அதற்குப் புதிய பாடநூல் எழுத வேண்டியதில்லை. திறந்து முடிந்த டெண்டர்களில் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற ஒப்பீட்டுப் பட்டியல் அரசுத் தளங்களிலேயே கிடைக்கிறது. வகுப்பில் அதில் ஒன்றை வைத்து, ஆளுக்கொரு கால்குலேட்டரோடு உட்காரலாம்.