கடிச்சது சிலந்திதானா? ஸ்ப்ரே டப்பாவை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன ஐப்பசி மழை நேரம். காலையில் எழுந்து கண்ணாடி பார்த்தால், கழுத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு சிவப்புத் தடிப்பு. தொட்டால் எரிச்சல். "எட்டுக்கால் பூச்சி ஏதாவது கடிச்சிருக்கும்டி" என்று அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. அன்றைக்கே ஒரு டப்பா பூச்சி ஸ்ப்ரேயை ரூம் முழுக்க அடித்துத் தீர்த்தேன். பாத்ரூம் மூலையில் மாசக்கணக்கில் குடியிருந்த பெரிய சிலந்தி சுருண்டு விழுந்தது. ரெண்டு நாளில் அந்தக் கோடு கொப்பளமாகிவிட, ஸ்கின் டாக்டரிடம் போனேன். பார்த்ததும் சொல்லிட்டார்: "இது கடியே இல்லைம்மா. தூக்கத்துல ஒரு வண்டை நசுக்கியிருக்கீங்க."

எனக்கு ஒரு வாரத்தில் சரியாகிடுச்சு. ஆனா, எல்லா நேரமும் இது இவ்வளவு லேசா முடியறதில்லை. உடம்பில் வரும் எந்தப் புண்ணையும் 'சிலந்திக் கடி' என்று நாமே முடிவு பண்ணிட்டா, உண்மையான காரணத்தைத் தேடறதை விட்டுடுவோம். அந்தக் காரணம் சில சமயம் உயிருக்கே ஆபத்தானது. அதனால, வீட்டில் இருக்கும் சிலந்திகள் எவை, சிலந்தி மேல் பழி போடப்படும் ஆசாமிகள் யார் என்று ஒருமுறை தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

சிலந்தி ஏன் கடிக்குது?

கிட்டத்தட்ட எல்லா சிலந்திகளுக்கும் விஷம் உண்டு. ஆனா, அது பூச்சிகளை மடக்கிப் பிடிக்க. பெரும்பாலான சிலந்திகளின் பல்லுக்கு நம்ம தோலைத் துளைக்கும் பலம் கிடையாது. துளைத்தாலும் அந்த விஷம் மனுஷங்களைப் பெருசா ஒண்ணும் பண்ணாது. கொசு, மூட்டைப்பூச்சி மாதிரி சிலந்தி ரத்தம் குடிக்கிற ஜீவனும் இல்லை. ராத்திரியில் உங்களைத் தேடி வந்து கடிக்க அதுக்கு எந்தக் காரணமும் இல்லை. சட்டைக்குள், ஷூவுக்குள், போர்வைக்குள் மாட்டி நசுங்கும்போதுதான் தற்காப்புக்காகக் கடிக்கும்.

இதுக்கு ஒரு ஆச்சர்யமான உதாரணம் இருக்கு. கூகுளில் 'சிலந்திக் கடி' என்று தேடினால் சதை அழுகிய படங்களாக வந்து பயமுறுத்தும். அந்தப் படங்களின் வில்லன், 'பிரவுன் ரெக்லூஸ்' என்ற அமெரிக்கச் சிலந்தி. அங்கே கன்சாஸ் மாகாணத்தில் ஒரு வீட்டில் ஆறே மாதத்தில் 2,055 பிரவுன் ரெக்லூஸ்களைப் பிடித்ததாக 2002-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பல வருஷமாக அந்த வீட்டில் குடியிருந்த குடும்பத்தில் ஒருத்தருக்குக்கூட அதன் கடியால் பாதிப்பு வந்ததாகத் தெரியவில்லை!

உங்க வீட்டு சிலந்தி எந்த ரகம்?

ஹன்ட்ஸ்மேன்: பாத்ரூம் சுவரில் திடீர்னு தென்பட்டு அலறவைக்கும் பெரிய பழுப்புச் சிலந்தி இதுதான். காலையும் சேர்த்து அளந்தால் 7 முதல் 12 செ.மீ வரை இருக்கும். தட்டையான உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓட்டம். வலை பின்னாது. வயிற்றுக்கடியில் வட்டமான வெள்ளைப் பையைத் தூக்கிக்கொண்டு போனால், அது முட்டைப்பையைச் சுமக்கும் அம்மா. கரப்பான்பூச்சிதான் இதுக்கு விருந்து. கையால் பிடித்தால் கடிக்கலாம். வலியும் வீக்கமும் வந்து தானாக அடங்கும்.

நூல்கால் சிலந்தி: மேற்கூரை மூலையில் ஒட்டடையாகத் தொங்கும். உடம்பு கடுகளவு, கால்கள் நூல் மாதிரி. தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென ஆடும். இதனால் நமக்கு ஆபத்து இல்லை.

தாவும் சிலந்தி: ஜன்னலிலும் லேப்டாப் மேலும் குட்டியாகத் தாவிக்கொண்டு, பெரிய முன் கண்களால் உங்களையே திரும்பிப் பார்க்கும். பயப்பட வேண்டியதில்லை.

கவனமா இருக்க வேண்டியவை ரெண்டு. முதலாவது, 'விடோ' வகை. பளபளப்பான உருண்டை வயிறு, அதன் அடியில் மணற்கடிகார வடிவத்தில் சிவப்பு அல்லது ஆரஞ்சு அடையாளம். இதில் பழுப்பு விடோவின் முட்டைப்பை, முள் வெச்ச குட்டி உருண்டை மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில், பூந்தொட்டி இடுக்கில் ஒழுங்கில்லாத வலை கட்டும். கடித்தால் வலி பரவி, தசைப்பிடிப்பும் வியர்வையும் வரலாம்.

ரெண்டாவது, மரப்பொந்துகளில் வாழும் டாரன்டுலா வகைச் சிலந்தி. உள்ளங்கை அளவு, உடம்பு முழுக்க ரோமம், சாம்பல் நிறத்தில் கோலம் போட்ட மாதிரி டிசைன். தோப்பு, காட்டுப் பகுதியை ஒட்டிய வீடுகளுக்குள் எப்போதாவது வழிதவறி வரும். கடித்தால் கடுமையான வலியும், பல நாள் நீடிக்கும் தசைப்பிடிப்பும் ஏற்படலாம். அதுக்காக அடிச்சுடாதீங்க. ராமேஸ்வரத்தில் கண்டறிந்து 2004-ல் பெயரிடப்பட்ட ஓர் இனம், அழிவின் விளிம்பில் இருப்பதாக சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றிருக்கு. பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்க.

பழி ஓர் இடம், பாவம் ஓர் இடம்!

வண்டு: எறும்பு மாதிரி மெலிசா, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, ஒரு செ.மீ-க்கும் குறைவான நீளத்தில் ஒரு வண்டு இருக்கு. மழைக்காலத்தில் லைட் வெளிச்சத்துக்கு வரும். இது கடிக்காது, கொட்டாது. ஆனா, நாம் நசுக்கினால் வெளியாகும் திரவம் தோலைப் பொசுக்கிடும். எரிச்சலும் கொப்பளமும் அப்போதே தெரியாது. அடுத்த நாள்தான் தெரியும். அதனாலதான் 'ராத்திரி ஏதோ கடிச்சிடுச்சு' என்று நினைக்கிறோம். மேலே உட்கார்ந்தால் அடிக்காம, ஊதித் தள்ளுங்க. நசுங்கிட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க.

அக்கி: உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, எரியும் வலியோடு கொத்துக்கொத்தாக நீர்க்கொப்பளம் வந்தால், அது அக்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் அம்மை போட்டபோது உடம்பில் தங்கிய அதே வைரஸ்தான் காரணம். காவி பூசிக்கொண்டு காத்திருக்காதீங்க. கொப்பளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையை ஆரம்பித்தால் பலன் அதிகம். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க.

ஸ்க்ரப் டைஃபஸ்: மூன்றில் இதுதான் ரொம்ப முக்கியம். புதர், புல்வெளியில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் இளம்புழு கடிப்பதால் பரவும் பாக்டீரியா காய்ச்சல் இது. கடித்தது தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு என்று மறைவான இடங்களில் இருப்பதால் நாமே கவனிக்க மாட்டோம். கவனித்தாலும் 'சிலந்தி கடிச்ச புண்' என்று விட்டுடுவோம். எல்லாருக்கும் அந்தப் பொருக்கு வரணும்னும் இல்லை. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் இந்தக் காய்ச்சல் அதிகம். டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளுக்கே கட்டுப்படும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். ட்ரெக்கிங், கேம்பிங் என்று மலையேறிட்டு வந்த பிறகு காய்ச்சல் வந்தால், போன இடத்தையும் புண்ணையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்க.

நிஜமாவே சிலந்தி கடிச்சிட்டா?

கடித்த இடத்தை சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்க. துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிஷம் வைங்க. விரலில் மோதிரம் இருந்தால், வீங்குவதற்குள் கழற்றிடுங்க. கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். முடிந்தால் அந்தச் சிலந்தியை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, டாக்டருக்கு உதவும்.

தசைப்பிடிப்பு, கொட்டும் வியர்வை, வாந்தி, வயிற்றுவலி, பரவும் வலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் யோசிக்காமல் 108. கடிபட்டது குழந்தை என்றால், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் சிலந்தியைக் குறைப்பது எப்படி?

சிலந்தி உங்க வீட்டுக்கு வருவது சாப்பாட்டுக்காக. அதன் சாப்பாடு, பூச்சி. எனவே முதலில் பூச்சியைக் குறைக்கணும். ராத்திரி சிங்க்கில் எச்சில் பாத்திரம் போடாதீங்க. குப்பைக்கூடையை மூடி வைங்க. வாசல் லைட்டைத் தேவையில்லாதபோது அணைங்க. வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி போட்டால் பூச்சி குறையும்.

வாரம் ஒருமுறை ஒட்டடைக்குச்சியை எடுங்க. வலையோடு முட்டைப்பையும் சேர்ந்து போகணும். ஆன்லைன் ஆர்டரில் வந்த அட்டைப்பெட்டிகளை மூலையில் அடுக்காதீங்க. ஜன்னலுக்கு வலை, கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை, பாத்ரூம் ஜாலிக்கு மூடி போடுங்க. கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கோங்க.

ரொம்ப நாள் எடுக்காத ஷூ, ஹெல்மெட், ரெயின்கோட்டை ஒரு தட்டு தட்டி, உள்ளே பார்த்துட்டுப் போடுங்க. ஒரு கடியைத் தவிர்க்க இந்தப் பழக்கம் ஒன்றே பெரிய உதவி.

ஸ்ப்ரே? நேரடியாக மேலே பட்டால் சிலந்தி சாகும். ஆனா பூச்சியும் குப்பையும் அப்படியே இருந்தால் அடுத்த சிலந்தி வந்துடும். அதுக்குள்ள மூடிய ரூமில் அந்த மருந்தை சுவாசிக்கறது நீங்கதான். ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடறது சுலபம். டாரன்டுலா அளவில் இருந்தால் மட்டும் இதை முயற்சி பண்ணாதீங்க.

எங்க வீட்டு பாத்ரூம் மூலைக்கு இப்போ வேறொரு ஹன்ட்ஸ்மேன் வந்திருக்கு. அதைப் பார்த்ததும் அம்மா ஸ்ப்ரே எங்கேன்னு கேட்டாங்க. நான் டம்ளரைத் தேடிக்கொண்டு வர்றதுக்குள், அது ஒரு கரப்பான்பூச்சியைக் கவ்விக்கொண்டு குழாய்க்குப் பின்னால் போயிடுச்சு. "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று அம்மாவே சொல்லிட்டாங்க.