கைக்கூலி, சமூக விரோதி

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எங்கள் சாகுபுரம், காஸ்டிக் சோடா ஆலையை ஒட்டி உருவான ஊர். இங்கே பல வீடுகளில் ஆலைச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. பக்கத்துக் காயல்பட்டினத்துக்காரர்களுக்கோ கடலில் கலக்கும் கழிவைப் பற்றிக் கவலை. இரண்டுமே நியாயமான கவலைகள். ஆனால் ஆறுமுகநேரி டீக்கடையில் கழிவைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால், "உனக்கு எவன் காசு கொடுத்தான்?" என்பார்கள். வேலை போய்விடுமே என்று இன்னொருவர் சொன்னால், "கம்பெனி கைக்கூலி" என்பார்கள். கழிவுநீரில் என்னதான் இருக்கிறது, ஆலை நின்றால் ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவான் என்ற கேள்விகள் அப்படியே கிடக்கும்.

இந்த வசைகள் பெரிதாகிப் போனதைத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை விவகாரத்தில் கண்ணெதிரே பார்த்தோம். 2018 பிப்ரவரியில் அந்த ஆலைக்கு அருகிலுள்ள அ.குமரெட்டியாபுரம் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது தண்ணீருக்காகவும் காற்றுக்காகவும்தான். நூறாவது நாளான மே 22 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள்மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மே 30 அன்று தூத்துக்குடி வந்த நடிகர் ரஜினிகாந்த், போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டதாகச் சொன்னார். எந்த அடிப்படையில் சொன்னார் என்று கேட்டு, துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 2020இல் அவருக்குச் சம்மன் அனுப்பியது. அதற்குள் அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியிருந்தது. தண்ணீரைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய், "நாங்கள் சமூக விரோதிகள் இல்லை" என்று நிரூபிப்பதே பாதிக்கப்பட்டவர்களின் வேலையாகிவிட்டது.

ஆலையை எதிர்த்த பக்கமும் இதையேதான் செய்தது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஆலை மூடப்பட்டதால் பிழைப்பு இழந்த லாரி டிரைவரையும் கைக்கூலி என்றார்கள். அவர் எந்த ஆதாரத்தை இனிக் காதுகொடுத்துக் கேட்பார்? பிள்ளையைப் பறிகொடுத்தவர் வயிறெரிந்து ஏசினால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். மேடையில் மைக் பிடிப்பவருக்கு அந்த உரிமை கிடையாது.

அரசியல் பேச்சில் எதிராளியை அங்கேயே மாற்றிவிட முடியாது. எந்தப் பக்கமும் சேராமல் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள்தான் முக்கியம். வசை விழுந்ததும் முதலில் எழுந்து போகிறவரும் அவர்தான். தனக்கும் ஒரு பட்டம் கிடைத்துவிடும் என்ற பயம். கொள்கையில் மோதினாலும் எதிராளியை மதிக்க முடியும். பெரியாரும் ராஜாஜியும் பல ஆண்டுகள் கொள்கையில் மோதினார்கள். ஆனாலும் 1949இல் தன் திருமண விஷயமாக ஆலோசனை கேட்கப் பெரியார் ராஜாஜியைத்தான் தேடிப் போனார்.

ஸ்டெர்லைட் வழக்கைக் கடைசியில் முடித்தது வசை அல்ல. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் 815 பக்கத் தீர்ப்பு எழுதியது. தாமிரக் கசடு, நிலத்தடி நீர், அனுமதிகள் என்று ஒவ்வொன்றிலும் இரு தரப்பையும் கேட்ட பிறகுதான் ஆலையை மூடியது சரி என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

நம் கடற்கரைக்கு இன்னும் ஆலைகள் வரும், துறைமுக விரிவாக்கம் வரும். அப்போது எதிரே பேசுகிறவரிடம் "நீ யாருடைய ஆள்?" என்று கேட்காதீர்கள். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.