திருப்பருத்திக்குன்றமும் திருமலையும்: திருத்தலப் பயணத்தில் விடுபடும் இரு சமணத் தலங்கள்

உலு திராமிலிருந்து தமிழகத்திற்குத் திருத்தலப் பயணம் மேற்கொள்ளும் குடும்பங்களின் பயணத்திட்டத்தில் காஞ்சிபுரம் பெரும்பாலும் இடம்பெறுகிறது. ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராசப் பெருமாள் கோயில்களை அரை நாளில் வழிபட்டு முடிப்போர், எஞ்சிய பொழுதைப் பட்டுச் சேலைக் கடைகளில் கழிக்கின்றனர். (இதனைக் குறையாகக் கூறவில்லை, கட்டுரையாளரின் குடும்பமும் அவ்வாறே செய்தது.) ஆயின் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி ஆகியவற்றோடு சினகாஞ்சி என்றொரு பகுதியும் அந்நகருக்கு உண்டு. அதனைக் காணாதவர், தாம் வழிபட்ட நகரைப் பாதியளவே கண்டவராவர்.

வேகவதி ஆற்றுக்கு அப்பாலுள்ள திருப்பருத்திக்குன்றமே சினகாஞ்சி. கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றைச் சார்ந்த வச்சிரநந்தி என்னும் சமண முனிவருக்கு ஊரொன்றைக் கொடையளித்தமையைப் பள்ளன்கோவில் செப்பேடு தெரிவிக்கிறது. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387ஆம் ஆண்டளவில் எடுப்பித்தவர், விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்பர். ஹம்பியிலுள்ள குந்துநாதர் சினாலயமும் இவர் கட்டியதே.

இம்மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்கினால் வண்ண ஓவியங்கள் வரிசை வரிசையாகத் தென்படும். ரிஷபதேவர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகளோடு நேமிநாதரின் வரலாறும் அங்குத் தீட்டப்பட்டுள்ளது. நேமிநாதர் கண்ணனுக்கு உறவினர் என்பது சமண மரபு. ஆதலின் சமணக் கோயிலின் விதானத்தில் கண்ணனின் இளமைக்கால நிகழ்ச்சிகளும் இடம்பெறுகின்றன. வைணவக் குடும்பத்தில் பிறந்த பயணி ஒருவர், தாம் குழந்தைப் பருவத்தில் கேட்ட கதையை இங்கு வேறொரு மரபின் வழியே மீண்டும் காண்கிறார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக டி. என். இராமச்சந்திரன் 1934இல் எழுதிய நூல் இவ்வோவியங்களை விரிவாக ஆராய்ந்தது. விதானத்தைக் காண நல்ல வெளிச்சம் வேண்டுமாதலின் காலையில் செல்வது நலம்.

மலேசியர் காண வேண்டிய மற்றொரு தலம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்திலுள்ள திருமலை. குன்றில் உயரமான நேமிநாதர் சிலை நிற்கிறது. இங்குள்ள கோயில் இராசராச சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் குந்தவை சினாலயம் என வழங்கியது. சைவ அரச குடும்பத்துப் பெண்ணின் பெயர் சமணக் கோயிலுக்கு இடப்பட்டதை அக்காலத்தார் முரணாகக் கருதவில்லை. தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சினருக்கும் தனித்தனியே கோயில் எடுப்பித்தவரும் குந்தவையே.

இத்திருமலையில் முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் (1024-25) கல்வெட்டு ஒன்று உள்ளது. அது அவனுடைய வெற்றிகளைக் கங்கை வரை அடுக்குகிறது. நம் கெடாவாகிய கடாரம் அதில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டிலோ கடாரம் இடம்பெறுகிறது. கடாரப் படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததென வரலாற்றாசிரியர் கணிப்பதற்குத் துணைநிற்கும் சான்றுகளுள் இச்சமணக் குன்றின் கல்வெட்டும் ஒன்று. அதனைப் பொறித்த நோக்கமோ வேறு. மன்னனின் வெற்றிகளை எல்லாம் கூறி முடித்தபின் அது சொல்ல வந்த செய்தி, வணிகர் ஒருவரின் மனைவியாகிய சாமுண்டப்பை, கோயிலில் விளக்கெரிக்கவும் அமுதுபடி படைக்கவும் பொன் கொடுத்தாள் என்பதே.