கோழியின் நோய் எதிர்ப்பாற்றலும் வளர்ப்பவரின் வருமானமும்

கோத்தா திங்கி, ஜொகூர் மாநிலத்தில் பரப்பளவால் மிகப் பெரிய மாவட்டம். செம்பனை நிறைந்த இவ்வட்டாரத்தின் தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் வீட்டுக்குப் பின்னால் பத்து, இருபது நாட்டுக்கோழிகள் வளர்ப்பது பழைய வழக்கம். திருவிழாவுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் கைகொடுப்பவை அவைதாம். ஆனால், கோழிச் சீக்கு ஒரு முறை புகுந்துவிட்டால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடுகிறது. கடையில் வாங்கிய மருந்தைக் கொடுத்தும் பலனில்லை என்று பலர் வருந்துகின்றனர். இதற்குக் காரணம், காப்பு மருந்துப் புட்டியில் இல்லை என்பதே. அது கோழியின் உடலுக்குள் இருக்கிறது.

எதிர்ப்பாற்றல் எங்கே உருவாகிறது?

கோழியின் மலவாய்க்கு மேற்புறத்தில் சிறு பை போன்ற உறுப்பு ஒன்று உண்டு. இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபாப்ரீசியஸின் பெயரால் அது 'ஃபாப்ரீசியஸ் பர்சா' எனப்படுகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதன் பயன் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பை அகற்றப்பட்ட கோழிகளின் உடலில் நோய்க்கு எதிரான புரதம் சரிவர உற்பத்தியாவதில்லை என்பதை 1956இல் அமெரிக்காவின் புரூஸ் கிளிக்கும் தீமோத்தி சாங்கும் எடுத்துக் காட்டினர். மனித இரத்தத்தில் உள்ள 'பி' அணுக்களின் பெயரும் இந்தப் பர்சாவிலிருந்து வந்ததுதான்.

கம்போரோ நோயின் கிருமி தாக்குவது இந்தப் பையைத்தான். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அது பிடிக்கிறது. பிழைத்த குஞ்சு வெளியே நன்றாகத் தெரிந்தாலும், பிறகு போடும் தடுப்பூசி அதற்குச் சரியாக வேலை செய்வதில்லை.

தீவனம் எங்கே போகிறது?

கிருமி நுழைந்ததும் கோழிக்குக் காய்ச்சல் காண்கிறது, தீனி குறைகிறது. சதையாகவும் முட்டையாகவும் மாற வேண்டிய புரதச்சத்து, கிருமியோடு போராடும் அணுக்களை உருவாக்கச் செலவாகிறது. கோழி சாகாவிட்டாலும் எடை ஏறாது, முட்டை குறையும். வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு தீவனத்துக்கே போகும்போது, இந்த நட்டம் சிறியதன்று.

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது மாதம் 36 லட்சம் கோழிகள் வரை வெளியே போவது நின்றது. உற்பத்தி குறைந்ததற்குத் தீவன விலை உயர்வோடு கோழி நோய்களும் காரணமாகக் கூறப்பட்டன.

வெப்பமும் ஈரமும்

கடும் வெயிலில் தவிக்கும் கோழியின் உடலில் சுரக்கும் மன அழுத்தச் சுரப்பிநீர் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. மழைக்காலத்தில் கூட்டின் தரை நனைந்தால் இரத்தக் கழிச்சல் பரவுகிறது. பூஞ்சை பிடித்த சோளம் இன்னும் ஆபத்தானது. அதிலுள்ள நஞ்சு கல்லீரலைக் கெடுப்பதோடு தடுப்பூசியின் பலனையும் குறைத்துவிடும். ஆகவே காற்றோட்டம், உலர்ந்த தரை, கெடாத தீவனம் ஆகிய மூன்றும் மிக அவசியம்.

செர்டாங் தந்த தீர்வு

நாட்டுக்கோழியின் பெரும் எதிரி, மலாய் மொழியில் 'சம்பார் ஆயாம்' என்றும் தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்றும் கூறப்படும் ராணிக்கெட் நோய். வழக்கமான தடுப்பு மருந்தைக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். மேய்ந்து திரியும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பதும் எளிதன்று. இதற்கு வழிகண்டவர்கள் செர்டாங்கில் உள்ள, இன்று மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் எனப்படும் விவசாயப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள். டாக்டர் ஐனி இடெரிஸ் உள்ளிட்டோர், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து 1980களில் இம்முயற்சியை மேற்கொண்டனர். நோய் உண்டாக்காத 'வி4' என்னும் கிருமியிலிருந்து வெப்பம் தாங்கும் வகை தேர்ந்தெடுக்கப்பட்டு, அது தீவனத்தின்மேல் பூசப்பட்டது. அதை உண்ட கோழி எதிர்ப்பாற்றல் பெற்றது. ஒரே கூட்டில் அடையும் மற்றக் கோழிகளுக்கும் அக்கிருமி பரவிக் காப்பளிக்கக்கூடியது. இம்முறை பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் சோதிக்கப்பட்டது.

செய்ய வேண்டியவை

தாய்க்கோழி முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குத் தரும் காப்பு இரண்டு, மூன்று வாரங்களில் குறைந்துவிடும். அந்தக் காப்பு வலுவாக இருக்கும்போது தடுப்பு மருந்து கொடுத்தால், அது மருந்தையே முறித்துவிடலாம். எனவே நாளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரில் கலந்து கொடுக்கும் உயிர்த் தடுப்பு மருந்தைக் குழாய் நீரில் உள்ள குளோரின் கொன்றுவிடும். லிட்டருக்கு இரண்டு கிராம் அளவு கொழுப்பு நீக்கிய பால்மாவை முதலில் கலந்தால் குளோரின் அடங்கும். கோழிகளைச் சிறிது நேரம் தாகத்தோடு வைத்திருந்து, காலை வேளையில் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கச் செய்ய வேண்டும். நோயுற்ற கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது பயன் தராது.

நோய் வந்த பின் கண்டபடி நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுப்பதும் தவறு. அது ராணிக்கெட், கம்போரோ போன்ற நச்சுயிரிகளிடம் பலிக்காது. மேலும், மனிதருக்குப் பயன்படும் மருந்துகளுக்கே கிருமிகள் பழகிவிடும். இதனால்தான் மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் தடை செய்யப்பட்டது.

புதிதாக வாங்கிய கோழிகளை இரண்டு வாரம் தனியே அடைக்க வேண்டும். இறந்தவற்றை ஆற்றில் வீசாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் அன்றே கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தெரிவிப்பது, அக்கம்பக்கத்தார் கூடுகளையும் காப்பாற்றும்.