கதை எது? நடந்தது எது?

சாந்திபுரத்தில் நாம் தெலுங்கும் பேசுகிறோம், தமிழும் பேசுகிறோம். வீரபாண்டிய கட்டபொம்மன் வீட்டிலும் தெலுங்கு பேசினார்கள். இது உங்களுக்குத் தெரியுமா?

அவர் ஆண்ட ஊர் பாஞ்சாலங்குறிச்சி. அது தமிழ்நாட்டில், தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. நம் கல்வி மையத்திலிருந்து சிலர் அங்கே போய் வந்தோம்.

கோட்டை வாசலில் ஒரு தாத்தா சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்.

"இந்தச் சுவரைத்தானே வெள்ளைக்காரன் பீரங்கியால் சுட்டான்?" என்று கேட்டார்.

"இல்லை தாத்தா. இது 1974-இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டை" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் நாம் கேட்டதெல்லாம் பொய்யா, தம்பி?"

"எல்லாம் பொய் இல்லை. கதையும் நடந்ததும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்போம், வாங்க" என்றேன்.

முயல் கதை

இந்த மண்ணில் ஒரு முயல் வேட்டை நாய்களைத் துரத்தியதாம். அதைப் பார்த்துத்தான் இங்கே கோட்டை கட்டினார்களாம். இதே கதையை விஜயநகரத்துக்கும் சொல்கிறார்கள். தங்கள் ஊர் வீரம் விளைந்த மண் என்று பெருமையாகச் சொல்ல மக்கள் உண்டாக்கிய கதை இது.

சினிமா வசனம்

ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் முழங்கும் வசனம் நம் எல்லோருக்கும் தெரியும். அது 1959-இல் வந்த சினிமாவின் வசனம். எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி.

ஆனால் சந்திப்பு உண்மை. அது 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்தது. அங்கே கைகலப்பு ஆனது. கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி இறந்தார். பிறகு கம்பெனியே விசாரித்து, கலெக்டர் ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது.

வரிப் பணம்

கட்டபொம்மன் ஒரு காசுகூட வரி கட்டவில்லை என்பார்கள். அதுவும் சரியில்லை. வரிப் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினார். மீதிப் பணத்துக்காகவும் மரியாதைக்காகவும் தகராறு வளர்ந்தது. கடைசியில் சண்டை வந்தது.

மண் கோட்டை

பழைய கோட்டைக்கு மண்சுவர்தான். 1799 செப்டம்பரில் கம்பெனிப் படை அதைத் தாக்கியது. கட்டபொம்மன் தப்பிப் போனார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கில் போட்டார்கள். கோட்டையையும் இடித்தார்கள்.

அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். 1801 பிப்ரவரியில் தப்பினார். சில நாட்களுக்குள் அவருடைய ஆட்கள் மண்ணைக் குழைத்துச் சுவரை மறுபடி எழுப்பினார்கள். திரும்பி வந்த கம்பெனிப் படை திகைத்தது. அந்தப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி இதைத் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். 1801 மே மாதம் கம்பெனி கோட்டையைப் பிடித்தது. அதைத் தரைமட்டம் ஆக்கியது. பழைய அரண்மனையின் அடித்தளம் மட்டும் இன்றும் தெரிகிறது.

தாத்தா அந்த அடித்தளத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"வெறும் மண்ணை வைத்துக்கொண்டா பீரங்கியை எதிர்த்தார்கள்? நான் கேட்ட கதையைவிட இது பெரிய விஷயம், தம்பி" என்றார்.

நாம் என்ன செய்யலாம்?

நம் ஊர்ப் பக்கத்திலும் கோட்டைகள் உண்டு, கோயில்கள் உண்டு. அங்கே போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. இதைச் சொன்னவர் யார்? அவர் நேரில் பார்த்தவரா?

2. நடந்து எத்தனை ஆண்டு கழித்து இதைச் சொன்னார்கள்?

3. கல்வெட்டில், பலகையில், புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

முதல் இரண்டு கேள்விகளை யாரும் கேட்கலாம். மூன்றாவதற்கு விடை காண எழுத்துத் தெரிய வேண்டும். இப்போது உங்களுக்கு எழுத்துத் தெரியும். நீங்களே படித்துப் பாருங்கள். பிறகு கதையையும் சொல்லுங்கள். அது கதை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.