திரியாயிலிருந்து திருகோணமலைக்கு: நாமே வகுத்த பயணம்

திரியாயிலிருந்து திருகோணமலை நகரம் ஏறத்தாழ 47 கிலோமீற்றர். “இந்தத் தூரத்துக்கு ஒரு திட்டமா?” என்று கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பினால் அம்மாவின் கண் கிளினிக் ஒன்று தவறிப் போனது. அதன்பின்தான் நான் ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்து, பயணத்தைத் தாளில் எழுதப் பழகினேன். என்னைப் போன்ற பெண்களுக்கு உதவுமென்று அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மற்றவர்கள் வகுத்த வழி

எங்கள் பயணங்களை நாங்கள் திட்டமிட்டது குறைவு. 1985 இல் ஊர் எரிந்தபோதும், 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோதும் எப்போது புறப்படுவது, எந்த வழியால் போவது என்பதைப் பயமே தீர்மானித்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சனம் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் சிதறியது. அந்த நாட்களில் இதே கடற்கரை வீதியில் ஒரு பஸ்ஸிலிருந்து என் அண்ணன் இறக்கப்பட்டார். அவருக்கு அப்போது 17 வயது. அவர் திரும்பி வரவில்லை.

2002 இல் போர்நிறுத்தம் வந்தபோது அம்மா ஊருக்குத் திரும்பினா. நான் வன்னியில் திருமணம் செய்திருந்தேன். 2009 இல் கணவரை இழந்து, மறு ஆண்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். சோதனைச்சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்த காலம் அது. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று அந்நாளில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. போய்ச் சேர்ந்தாற் போதும் என்றிருந்தது.

போருக்குப் பிறகு வீதி திருத்தப்பட்டது. இறக்கக்கண்டியில் பெரிய பாலம் வந்தது. வழி திறந்துவிட்டது. ஆனால் வழி திறந்தவுடன் மனம் திறந்துவிடுவதில்லை என்பதை நான் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

முதல் ஓட்டமும் ஒரு பாடமும்

2018 இல் கடன்பட்டு ஒரு பழைய முச்சக்கரவண்டி வாங்கினேன். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, ஊருக்குள்ளே பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கினேன். சந்திக்கும் கடைக்கும் ஓடினேன். அவ்வளவுதான் என் உலகம்.

அம்மாவுக்கு நீண்ட நாட்களாகச் சீனி வருத்தம். கண் மங்கி வந்தது. சீனி வருத்தம் உள்ளவர்கள் கண்ணில் குறை தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணின் உள்ளே உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைவது ஆரம்பத்தில் நமக்குத் தெரியாது. தெரியும்போது பிந்திவிடும். எனவே திருகோணமலையில் கண் கிளினிக்குக்கு நாள் எடுத்திருந்தோம்.

அன்று காலை ஏழரைக்கு, “இதோ இருக்கிற ரவுண்தானே” என்று அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். குச்சவெளியைத் தாண்டியதும் பின்சில்லுக் காற்றுப் போனது. ஸ்பெயர் ரயர் இருந்தது. ஆனால் அதில் காற்று இல்லை! கைத்தொலைபேசியில் சார்ஜும் குறைவு. ஒருவர் உதவி செய்து, ரயரை ஒட்டி, நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. கிளினிக் முடிந்திருந்தது. அடுத்த நாள் கிடைக்க நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிழை வேறு யாரிலும் இல்லை, என்னில்தான்.

கொப்பியில் எழுதிய திட்டம்

அடுத்த கிளினிக்குக்கு ஒரு கிழமை இருக்கும்போதே மூத்த மகளை இருத்திக் கொப்பியில் எழுதினோம். அதில் இருந்தவை இவைதாம்.

நேரம்: எமது நாட்டில் முச்சக்கரவண்டிக்கு விதிக்கப்பட்ட ஆகக்கூடிய வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர். எங்கும் நிற்காமல் அந்த வேகத்திலேயே போனாலும் 47 கிலோமீற்றருக்கு ஒரு மணி பத்து நிமிடம் வேண்டும். உண்மையில் மாடு, பாலம், சந்தி எல்லாம் சேர்ந்தால் சராசரி 30 தான் வரும். அது ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். வயதானவர்களோடு போனால் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு தரிப்புகள். ஆக, இரண்டு மணித்தியாலம். எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். அதற்கு முன் புறப்படுவதும் சரியல்ல. இருட்டில் யானை நிற்கும், மாடுகள் வீதியில் படுத்திருக்கும். நிலம் வெளிக்கட்டும்.

எண்ணெய்: என் வண்டி ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் ஓடும். போய்வர 94 கிலோமீற்றர், நகரத்துக்குள் கொஞ்சம் ஓட்டம். நான்கு லீற்றர் வேண்டும். இந்தக் கணக்கின் அருமை 2022 இல் தெரிந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டின்போது முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று பங்கீடு வந்தது. அதாவது ஒரு கிழமைப் பங்கீடு ஒரு திருகோணமலைப் பயணத்தோடு சரி. கிளினிக் உள்ள கிழமையில் ஊர் ஓட்டத்தை நிறுத்தினேன். கணக்குத் தெரிந்திருந்தபடியால் நடுவழியில் நிற்கவில்லை.

வண்டி: முதல் நாள் மாலையே நான்கு ரயருக்கும் காற்றுப் பார்க்க வேண்டும். மூன்று சில்லு வண்டிக்கு ஏது நான்கு என்று கேட்காதீர்கள். நான்காவது அந்த ஸ்பெயர் ரயர்! பிறேக், விளக்கு, என்ஜின் ஓயில், சில்லுக் கழற்றும் சாவி, ஜக், ஒரு ரோர்ச் லைற்.

பத்திரங்கள்: சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், அடையாள அட்டை. இவற்றோடு அம்மாவின் கிளினிக் கொப்பியும் மருந்துச் சீட்டும். எல்லாம் ஒரே பிளாஸ்ரிக் உறையில்.

சாப்பாடு: சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறுவயிற்றோடு நீண்டநேரம் இருக்கக்கூடாது. ஒரு பார்சல் இடியப்பமும் தண்ணீர்ப் போத்தலும் வைத்தோம். திடீரென்று சீனி குறைந்து வியர்த்து நடுங்கினால் கொடுக்க இரண்டு இனிப்பும் கையில் இருந்தது.

காலநிலை: நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஈர வீதியில் பிறேக் பிடித்தால் வண்டி வழக்கத்தைவிடத் தள்ளித்தான் நிற்கும். கச்சான் காலத்தில் பாலங்களின் மேல் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். ஆகவே பாலத்தில் வேகம் குறைக்க வேண்டும். அறுவடை முடிந்தால் சில இடங்களில் வீதியோரம் நெல் காயும். அதன்மேல் சில்லு ஏறினால் வழுக்கும்.

உதவி: வழியில் குச்சவெளியிலும் நிலாவெளியிலும் அரச வைத்தியசாலைகள் உள்ளன. குச்சவெளி, நிலாவெளி, உப்புவெளி மூன்றிலும் பொலிஸ் நிலையங்கள் உள்ளன. பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசரியவின் இலக்கம் 1990. அது 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் எங்கள் மாகாணத்துக்கும் வந்தது. 1990 என்றதும் எங்கள் ஊரார் மனதில் ஓடுவது வேறு. ஊரை விட்டு ஓடிய ஆண்டு அது. இப்போது என் பிள்ளைகளுக்கு அது உதவிக்கு அழைக்கும் இலக்கம். அதைக் கொப்பியில் எழுதியபோது என் கை ஒரு கணம் நின்றது உண்மை.

எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியபோது அம்மா ஒன்றே ஒன்று சொன்னா: “எங்கை வேணுமெண்டாலும் நிப்பாட்டு பிள்ளை. அந்த இடத்திலை மட்டும் நிப்பாட்டாதை.”

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. மகள் கேட்டாள். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். கொப்பியில் தரிப்பிடங்கள் என்ற தலைப்பின் கீழ் நிலாவெளி, உப்புவெளி என்று மட்டும் எழுதினோம்.

தாயைப் பார்க்கப் போன ஒரு தாய்

மகள் தான் வாசித்த ஒரு கதையைச் சொன்னாள். அதை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. 1888 ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்மாரோடு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டாள். தன் தாயைப் பார்க்கத்தான் போனாள். தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அந்த வண்டிக்கும் மூன்று சில்லுகள்தாம்!

அன்று எண்ணெய் நிரப்பும் நிலையம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. வழியில் வைஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் துப்புரவுக்கு விற்கும் ஒரு திரவத்தை வாங்கி ஊற்றினாள். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தாள். பிறேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிப்பித்தாள். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மாலையில் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தாள். ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்ற யோசனையும் அந்தப் பயணத்திலிருந்தே வந்தது.

“உங்கடை ஸ்பெயர் ரயர் மாதிரித்தான் அம்மா” என்றாள் மகள். வழியில் பழுதாவது வெட்கமில்லை, அதிலிருந்து படிக்காமல் விடுவதுதான் வெட்கம் என்பதை அவள் எனக்கு அப்படிச் சொல்லித் தந்தாள்.

அந்த இடம்

குறித்த நாளில் ஆறு மணிக்குப் புறப்பட்டோம். குச்சவெளி, சலப்பையாறு கடந்து, இறக்கக்கண்டிப் பாலத்தில் மெதுவாக ஏறி இறங்கினோம். இடையில் அந்த இடம் வந்தபோது நான் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தா. நான் நிற்கவில்லை. நிலாவெளியில் நிறுத்தினோம். இடியப்பம் சாப்பிட்டா. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளினிக் வரிசையில் நின்றோம். கண்ணுக்கு உள்ளே பழுது தொடங்கிவிட்டதென்றும், இப்போது வந்தது நல்லதென்றும், சிகிச்சை தொடர வேண்டுமென்றும் வைத்தியர் சொன்னார்.

திரும்பும்போது உப்புவெளியில் தேநீருக்காக நிறுத்தினோம். அங்கே நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் மயானம் இருக்கிறது. புல் வெட்டி, வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். அம்மா அது என்னவென்று கேட்டா. மகள் விளங்கப்படுத்தினாள்.

“எந்தத் தேசத்துப் பிள்ளையளோ,” என்று அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. “ஆனாலும் பேர் இருக்கு.”

நான் மறுமொழி சொல்லவில்லை. என்ன சொல்வது?

அதன்பின் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டோம். சிகிச்சையால் அம்மாவின் பார்வை மேலும் மோசமாகாமல் நிற்கிறது. நான்காவது பயணத்தில் என்று நினைக்கிறேன், அந்த இடத்துக்குக் கிட்ட வரும்போது பின்னாலிருந்து, “கொஞ்சம் மெல்லமாப் போ பிள்ளை” என்று குரல் வந்தது. மெதுவாக்கினேன். கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பு தோளில் இருந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, “சரி, போ” என்றா. வீட்டுக்கு வந்ததும் மகள் கொப்பியை எடுத்து, தரிப்பிடங்களின் கீழே “இங்கே மெதுவாக” என்று ஒரு வரி சேர்த்தாள்.

அன்பான சகோதரிகளே, உங்களிடம் வண்டி இல்லாமலிருக்கலாம். பஸ்ஸில் போவதானாலும் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் புறப்படுவேன், எங்கே நிற்பேன், யாரை அழைப்பேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன். நெடுங்காலம் எங்கள் வழிகளை மற்றவர்கள் வகுத்தார்கள். 47 கிலோமீற்றரைத் தாளில் எழுதி, அதன்படி போய், பின்னேரம் வீட்டு விளக்கைக் கொளுத்தத் திரும்பி வருவது சிறு காரியம்போலத் தெரியும். செய்து பாருங்கள், அது சிறு காரியமல்ல.

புறப்படுமுன் ஸ்பெயர் ரயருக்குக் காற்றுப் பார்க்க மறவாதீர்கள்.